ஹட்டனிலிருந்து ஒரே நாளில் ஹோட்டன் சமவெளி: காலை 9 மணியிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

ஜனவரி கடைசியில் கோத்தகிரியிலிருந்து சித்தப்பா குடும்பம் நாலு பேர் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா 1970களில், பதினைந்து வயதில், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். அதன்பின் இதுதான் முதல் தடவையாக ஊர் பார்க்க வருகிறார். இங்கே ஹட்டனில் நீங்கள், கணவர், 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 63 வயது அம்மா. ஒரே நாளில் மலைமேல் இருக்கும் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போய்த் திரும்ப முடியுமா, ரயிலா வேனா, அம்மாவைக் கூட்டிப் போகலாமா, அப்படியே அம்பேவெல மாட்டுப்பண்ணை, சீதா எலியக் கோயில், ஹக்கல தாவரவியல் பூங்கா எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். வேன்தான் சரி. அம்மாவையும் கூட்டிப் போகலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் வேண்டாம் என்பேன், அதற்குக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நான் பட்டிப்பொலப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் பல தடவை நடந்திருக்கிறேன். நல்லபடியாகப் போய் வந்த நாளும் உண்டு, ஏமாந்து திரும்பிய நாளும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் நேரம்தான்.

அதனால் முதலில் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: காலை 9 மணி. அந்த நேரத்தில் நீங்கள் எல்லாரும் உலக முடிவு விளிம்பில் நிற்க வேண்டும். எத்தனை மணிக்கு எழும்புவது, எங்கே சாப்பிடுவது, டிரைவர் எப்போது படுப்பது எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உலக முடிவு என்பது சமவெளி அப்படியே அறுந்து, ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாகக் கீழே இறங்கும் இடம். காலையில் கீழே பள்ளத்தாக்கில் வெயில் பட்டதும் அங்குள்ள ஈரக் காற்று சூடேறி மேலே கிளம்பும். எதிரே இந்தப் பாறைச் சுவர் நிற்பதால், அதை ஒட்டியே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்புக்கு வந்து சேரும்போது முகிலாகிவிடும். நல்ல நாளில் ஒன்பதரை, பத்து மணிக்கு இது நடக்கும். சில நாளில் ஒன்பதுக்கு முன்பே மூடிவிடும். மூடினால் அன்றைக்குத் திரும்பத் திறக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

என் மச்சான் குடும்பம் கொழும்பிலிருந்து வந்தபோது, நுவரெலியாவில் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று பிந்திவிட்டோம். விளிம்பில் போய் நிற்கும்போது மணி பதினொன்று. முன்னால் ஒரு வெள்ளைச் சுவர், வேறு ஒன்றும் இல்லை. மச்சானின் மகள் கம்பித் தடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, "மாமா, இதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டாள். தேயிலை மலை இருக்கிறது, தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயன் இருக்கிறது, தூரத்தில் குளம் இருக்கிறது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரைக் கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளை. அதற்குப் பிறகு நான் யாரையும் பிந்திக் கூட்டிப் போவதில்லை.

சரி, இப்போது பின்னோக்கி வருவோம். நடை தொடங்கும் இடம் ஃபார் இன். பழைய காலத்தில் துரைமார் வேட்டைக்கு வந்து தங்கிய கட்டடம், இப்போது பார்வையாளர் நிலையம். அங்கிருந்து உலக முடிவுக்குச் சுமார் நாலரைக் கிலோமீட்டர். 6 வயதுப் பிள்ளையோடு போவதால் இரண்டு மணி நேரம் வையுங்கள். அப்படியானால் ஆறே முக்காலுக்குள் கால் பாதையில் இருக்க வேண்டும். பூங்கா வாசல் 6 மணிக்குத் திறக்கும், ஆனால் அதற்கு முன்பே வாகனங்கள் வரிசையில் நிற்கும். டிக்கெட் எடுத்து, வாசலிலிருந்து ஃபார் இன் வரை ஓட்டி, பையைச் சோதிக்கக் கொடுத்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய் வரவே அந்த முக்கால் மணி நேரம் போய்விடும். ஆகவே ஐந்தே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள். ஹட்டனிலிருந்து இருட்டில், வளைவுகளில், அவசரப்படாமல் வர இரண்டரை மணி நேரம் ஆகும். ஆக, 3 மணிக்கு வேன் வீட்டு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கி வேனில் போட்டுவிடுங்கள், தூங்கிக்கொண்டே வரட்டும். வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளையென்றால் புறப்படும் முன் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

பாதை இப்படி: தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வந்து, நுவரெலியா நகரத்துக்குள் நுழையாமல் பிளக்பூல் சந்தியில் திரும்பி, அம்பேவெல, பட்டிப்பொல என்று ஏறுங்கள். ஒரே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். நேரம் மிச்சம் என்று டிரைவர் ரதல்ல குறுக்கு வீதியில் திருப்பப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023 ஜனவரியில் 7 பேர் உயிரிழந்த விபத்து அந்த வீதியில்தான் நடந்தது, ஹட்டன் பக்கத்தில் யாருக்கும் அது மறந்திருக்காது. சுற்றி வருவதால் போகும் கொஞ்ச நிமிடம் போகட்டும். அதேபோல, டயகம பக்கமிருந்து சமவெளிக்கு ஏறும் பாதை வரைபடத்தில் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். வேனும் வயசானவர்களுமாக அதில் போகாதீர்கள்.

ரயிலைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டிப்பொல இலங்கையிலேயே உயரத்தில் உள்ள ரயில் நிலையம். அதைத் தாண்டி ஒஹியவுக்குப் போகும் சுரங்கத்தின் இந்தப் பக்கம் மழையும் அந்தப் பக்கம் வெயிலுமாக இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு அந்த ரயில் பயணத்தை வேறொரு நாளில் கட்டாயம் கொடுங்கள். ஆனால் ஹட்டனிலிருந்து ரயிலேறி இந்த நடைக்கு நேரத்துக்கு வந்து சேர முடியாது. நிலையத்தில் இறங்கிய பிறகும் ஓட்டோ பிடித்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும். முதல் நாள் வந்து பட்டிப்பொலவிலோ அம்பேவெலவிலோ தங்கினால் மட்டுமே ரயில் சரிவரும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவதும் உண்டு என்பதால், ரயிலானாலும் வேனானாலும் இரண்டு நாள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் கட்டணம் உள்ளூர்க்காரருக்கு ஒரு மாதிரி, வெளிநாட்டவருக்கு வேறு மாதிரி. வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. சித்தப்பா இங்கே பிறந்தவராக இருந்தாலும் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு, அதன்படிதான் டிக்கெட் எழுதுவார்கள். வாசலில் போய் "இவர் நம்ம ஊரில் பிறந்தவர்தான்" என்று பேசி அவருக்குச் சங்கடம் வரவைக்காதீர்கள். முன்கூட்டியே அன்றைய கட்டணத்தைக் கேட்டு, காசை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நீங்கள் எல்லாரும் அடையாள அட்டையையும், அவர்கள் கடவுச்சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வாகனத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

இனிப் பை. ஃபார் இன்னில் நடைபாதைக்குள் விடும் முன், பொலித்தீன் உள்ளே போகக் கூடாது என்று ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கெட்டின் உறையைக் கழற்றிக் கடதாசிப் பைக்குள் கொட்டச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் மெல்லிய லேபலைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, பிள்ளைகள் ஒவ்வொரு உறையாகப் பிரித்துக்கொண்டு நிற்பது பெரிய தாமதம். வீட்டிலேயே இதைச் செய்துகொண்டு வந்துவிடுங்கள். லஞ்ச் ஷீட், ஷொப்பிங் பேக் ஒன்றும் வேண்டாம். ரொட்டியை வாழையிலையில் சுற்றி, மேலே ஒரு துணியைக் கட்டுங்கள். அவித்த முட்டை, அவித்த கடலை, வாழைப்பழம் போதும். கட்டசம்பலை மூடியுள்ள சிறிய எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் நன்றாகப் பயணம் செய்யும். சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் கொண்டு போகக் கூடாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

இந்தக் கெடுபிடி தேவைதானா என்று யாராவது முணுமுணுத்தால், ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைகளை, அந்தப் பெரிய மான்களைக் காட்டுங்கள். மனிதரைக் கண்டு பழகி, வேன் கதவுவரை வந்துவிடும். உப்பும் சீனியும் பட்ட எந்தப் பொலித்தீனையும் அவை தின்னும். தின்றது வயிற்றில் தங்கிவிட்டால் அந்தச் சீவன் தப்பாது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் ஆசை வரும், ஆனாலும் ஒரு துண்டு பாண்கூடக் கொடுக்க விடாதீர்கள். கிடா மரையின் கொம்புக்கு மூன்று நாலு மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, பாலைவனத்துக்குப் போகிறவர்கள் போலத் தயாராகுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். கேட்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். பனியும் மழையும் உள்ள மலையில் எதற்குப் பாலைவனம்? ஆனால் ஜனவரியில் அங்கே நடப்பது அதுதான். 2,100 மீட்டருக்கு மேலே உள்ள வெட்டவெளி அது. இரவில் வானம் தெளிந்திருந்தால் புல்வெளி தன் சூட்டையெல்லாம் விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதனால் விடியற்காலையில் பள்ளத்துப் புல்லில் உறைபனி பிடித்திருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உப்புத் தூவியது போல வெள்ளை ஊசிகள். சப்பாத்துக் காலை வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்கும். அதே புல்வெளியில் பத்தரை மணிக்குத் தோல் கருகும். பகல் 27 பாகை வரை ஏறி, இரவில் 5 பாகைக்கும் கீழே இறங்கும் இடம் அது. உயரம் கூடக் கூட வெயிலின் கடுமையும் கூடும், குளிர்காற்று வீசுவதால் சுடுவது தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்த பிறகுதான் மூக்கும் கழுத்தும் எரியும்.

நிழலும் அப்படித்தான். காட்டுக்குள் போகும் துண்டுகளில் நிழல் உண்டு, மற்றப்படி திறந்த வெளி. சுற்றுப்பாதை முழுவதும் ஒன்பது, ஒன்பதரைக் கிலோமீட்டர். ஃபார் இன்னை விட்டுக் கிளம்பினால் கடை இல்லை, குழாய் இல்லை, கழிப்பறை இல்லை. ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் அதைக் குடிக்க வைக்காதீர்கள். பெரியவருக்கு ஒன்றரை லீட்டர், பிள்ளைக்கு ஒரு லீட்டர் என்று எடுத்துக்கொண்டால் போதும். இஞ்சி போட்ட பிளேன்டீ, பால் இல்லாத தேநீர், ஒரு பிளாஸ்க் கட்டாயம். அதைத் திறக்கும் இடம் உலக முடிவு, அதற்கு முன் திறக்க வேண்டாம். உடுப்பைத் தடித்த ஒரே ஜேர்சியாகப் போடாமல் மூன்று அடுக்காகப் போடுங்கள். கழற்றிக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குக் காது மூடும் தொப்பி, எல்லாருக்கும் மேலதிகமாக ஒரு சோடி காலுறை. குடை வேண்டாம், அந்தக் காற்றில் திரும்பிக்கொள்ளும். மழைக்கோட்டுத்தான் சரி. சப்பாத்து பிடிமானமுள்ளதாக இருக்கட்டும், புதுச் சப்பாத்தை அன்றைக்கு முதல் தடவை போட வேண்டாம்.

அம்மாவைப் பற்றி. ஃபார் இன்னிலிருந்து கொஞ்சத் தூரம் பாதை நல்ல சமதரை. பிறகு இரண்டாகப் பிரியும். ஒன்று பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு, மற்றது சின்ன உலக முடிவு வழியாக உலக முடிவுக்கு. எல்லாரும் சின்ன உலக முடிவுப் பக்கமே போங்கள். முகிலுக்கு முந்துவதற்கு அதுதான் வழி. அருவி மத்தியானம்வரை அங்கேயேதான் விழும். சின்ன உலக முடிவு கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். வழியில் கல்லும் வேருமாக ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் கையில் ஒரு தடியோடு மெதுவாகப் போனால் முழங்கால் வலி உள்ளவர்களும் போகலாம். அங்கிருந்தும் பாறை முந்நூறு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்குகிறது, பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அம்மா அங்கே உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கட்டும். உங்கள் கணவரோ சித்தியோ ஒருவர் துணைக்கு இருந்து, அவர்கள் இருவரும் வந்த வழியே ஃபார் இன்னுக்குத் திரும்பலாம். அருவிக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம். அங்கே இறங்கும் படி செங்குத்து, எப்போதும் ஈரம். முழங்கால்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. சித்தப்பாவுக்கும் வயது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். கோத்தகிரி மலையில் வாழ்பவர் என்பதால் மூச்சு வாங்காது என்று நினைக்கிறேன். இருதயத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அங்கே பாதி இடத்தில் தடுப்பு இருக்கும், பாதியில் வெறும் பாறை. 2015இல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். சுமார் 40 மீட்டர் கீழே ஒரு மரம் பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள். அந்த மரம் எல்லாருக்கும் கிடைக்காது. போட்டோ எடுப்பவர் உட்கார்ந்துகொண்டு எடுக்கட்டும். நடந்துகொண்டே போனைப் பார்க்கக் கூடாது என்று 11 வயதுப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

அங்கே நின்று பார்க்கும்போது தூரத்தைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். சமனலவெவக் குளம் தெரிகிறதா, உடவளவக் குளம் தெரிகிறதா, கடல் தெரிகிறதா என்று. மிகத் தெளிந்த நாளில் தெற்கே கடலின் கோடு தெரியும்தான். நீங்கள் சித்தப்பாவை நேர் கீழே பார்க்கச் சொல்லுங்கள். பாறையின் காலடியில் நொன்பரெயில் தேயிலைத் தோட்டம். பச்சைச் சரிவில் நீளமாக, தீப்பெட்டிகளை ஒட்டி வைத்தது போலத் தகரக் கூரைகள் தெரியும். லயன்கள்தான். காலையில் சில கூரைகளிலிருந்து புகை எழும்பும். தை மாதம் என்பதால், காற்று நின்ற நேரத்தில் கோயில் பாட்டு மெல்லிசாக ஏறி வந்தாலும் வரும். ஒரு தடவை எனக்குக் கேட்டிருக்கிறது. உலகம் முடியும் இடம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த இடத்துக்குக் கீழே நம் ஆட்கள் கொழுந்து பறிக்கத் தொடங்கியிருப்பார்கள். ஐம்பது வருடம் கழித்து ஊர் பார்க்க வருபவர் அதை மேலேயிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றையும் அவர் கவனிப்பார், நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த இடம் நீலகிரியின் மேட்டு நிலம் மாதிரியே இருக்கும். அலையலையாகப் புல்வெளி, பள்ளங்களில் குட்டையான காடு. அங்கே சோலை என்பார்கள். அங்கே காட்டுப்பூவரசு என்று சொல்லும் சிவப்புப் பூ மரத்தின் உடன்பிறப்பு இங்கே புல்வெளியில் தனித்தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கும். சிங்களத்தில் மஹரத்மல். அங்கே 12 வருடத்துக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சியின் இனம் இங்கே நெலு, அதிலும் 12 வருடக் கணக்கில் பூப்பது உண்டு. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட, மஞ்சள் பூவும் நுனியெல்லாம் முள்ளுமான அந்தப் புதர்கூட இரண்டு இடத்திலும் இருக்கிறது. இங்கே அதைப் பிடுங்கி ஒழிக்கப் பெரிய பாடு படுகிறார்கள். பிள்ளைகள் பூவுக்குக் கை நீட்டினால் முள் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மஹா எலிய என்பதுதான் இதன் பழைய பெயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைப் பிறகு வைத்தார்கள். மலையெல்லாம் வெட்டிக் கோப்பியும் தேயிலையும் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அரசுக்கு ஆலோசனை சொன்னார். இந்தக் காடு இவ்வளவாவது மிஞ்சியிருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனாலும் 1960களில் இதே புல்வெளியில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அந்த வேலைக்குப் போனவர்கள். 1969இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாகி, 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வெறும் 3,160 ஹெக்டயர்தான். அந்தக் கருப்பு மண்ணைப் பாதை ஓரத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள், நனைந்த பஞ்சு மாதிரி அமுங்கும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அதிலிருந்துதான் கசிகிறது. பாதையை விட்டு இறங்கி நடக்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பதும் அதனால்தான்.

உலக முடிவில் பிளேன்டீ குடித்து முடித்தால், கால் தாங்குகிறவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகச் சுற்றி வாருங்கள். பெலிஹுல் ஓயா 20 மீட்டர் உயரத்திலிருந்து விரிந்து விழும் இடம். குளிக்க அனுமதி இல்லை, தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளை களைத்துவிட்டால் அருவியை விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள், ஒரு குறையும் இல்லை. காட்டுத் துண்டுகளில் பாசி பிடித்த மரத்தண்டுகளைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். மூக்கின் நுனியில் வெள்ளைக் கொம்போடு ஓர் ஓணான் அசையாமல் ஒட்டியிருக்கும். இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. என் மகன் ஒரு காலையில் இரண்டைக் கண்டுபிடித்தான், அதற்குப் பிறகு கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிறுத்தையும் அங்கே உண்டு, ஆனால் பகலில் கூட்டத்தின் கண்ணில் படுவது அரிது. அதைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதினொன்று, பதினொன்றரைக்கு எல்லாரும் வேனுக்கு வந்துவிடுவீர்கள். இங்கேதான் உங்கள் கடைசிக் கேள்வி. 2 மணிக்கு எழும்பி, ஒன்பது கிலோமீட்டர் நடந்த பிள்ளைகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு மூன்று இடம் பார்க்கக் கிளம்பினால், மூன்றிலும் ஆள் வேனுக்குள் தூங்கும். சீதா எலியவும் ஹக்கலவும் பதுளை வீதியில், வேறு பக்கம். சித்தப்பா குடும்பத்துக்குச் சீதையம்மன் கோயில் முக்கியமென்றால், குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, இன்னொரு நாள் அதற்கென்றே போங்கள். அன்றைக்கு அம்பேவெல மட்டும் போதும், வரும் வழியிலேயே இருக்கிறது. மாடுகளைப் பார்த்து, பால் குடித்து, பட்டிப்பொல, அம்பேவெல வழிக்கடைகளில் அன்று பிடுங்கிய கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு, இருட்டும் முன் ஹட்டன் சேர்ந்துவிடலாம்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது கிழமை நாளாகப் பாருங்கள். செவ்வாய், புதன் நல்லது. பௌர்ணமி விடுமுறையான போயா தினமும், அதை ஒட்டி வரும் நீண்ட விடுமுறையும், சுதந்திர தினமான பெப்ரவரி 4ஐ ஒட்டிய நாட்களும் வேண்டாம். அந்த நாட்களில் வாசல் வரிசையே உங்கள் 9 மணியைத் தின்றுவிடும். ஜனவரி கடைசி பொதுவாகக் காய்ந்த காலம் என்றாலும், முதல் நாள் பகல் முழுக்க நுவரெலியாவில் மழை பெய்திருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளி வையுங்கள். வேன்காரரிடம் இரண்டு நாளைக் குறித்துப் பேசி வைத்தால் இது சுலபம்.

டிரைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நடக்கும் அந்த நாலு மணி நேரம் அவர் தூங்க வேண்டும். அவருக்கென்று ஒரு போர்வையும் சாப்பாட்டுப் பொதியும் வேனில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும் வழியில் முன் சீட்டில் விழித்திருக்கக்கூடிய ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டு வரட்டும். முதல் நாள் அவருக்கு வேறு ஹயர் இருக்கக் கூடாது என்று வாடகை பேசும்போதே சொல்லுங்கள். அன்றிரவு எட்டு மணிக்கு ஒரு போன் எடுத்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டாரா என்றும் கேட்டுவிடுங்கள்.